விண்டோஸ் போடும்போது 'டிரைவ் எதுவும் இல்லை' என்று வருகிறதா? ஹார்ட் டிஸ்க் பழுது என்று முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட உட்காருகிறீர்கள். எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி. 'டிஸ்க் போயிடுச்சு, புதுசு வாங்கணும்' என்று பக்கத்தில் யாராவது சொல்லலாம். அவசரப்படாதீர்கள்.

ஏன் இப்படி?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் உள்ளேதான் இருக்கின்றன. ஆனால் சாவி வைத்திருப்பவரிடம் பேசத் தெரியாதவருக்குக் கதவு திறக்காது. அந்தச் சாவிக்காரர்தான் கன்ட்ரோலர். அவரிடம் பேசும் மொழி, டிரைவர் என்ற சிறு மென்பொருள்.

இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கிறது. விண்டோஸ் நிறுவியில் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால், டிஸ்க் கண்ணில் படாது. இது புதிய சிக்கலும் அல்ல. 2001-இல் வந்த எக்ஸ்பியில் எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியில் இருந்து டிரைவரைக் கொடுத்தார்கள்.

என்ன செய்யலாம்?

1. முதலில் பயாஸில் பாருங்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிந்தால், பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கிறது.

2. வேறொரு கணினியில், லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பதிவிறக்குங்கள். அதைப் பிரித்து, .ஐஎன்எஃப் கோப்பு உள்ள ஃபோல்டரைப் பென் டிரைவில் போடுங்கள். பிரிக்காத .இஎக்ஸ்இ கோப்பு உதவாது.

3. நிறுவியில் 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். விஎம்டி என்ற பெயர் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க் பட்டியலில் வந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தால் போதாதா?

காலி டிஸ்க் என்றால் அணைக்கலாம். பழைய விண்டோஸ் இருந்தால் அது திறக்காமல் போகலாம். பிட்லாக்கர் மீட்புச் சாவியும் கேட்கலாம். அந்தச் சாவி கையில் இல்லாமல் பயாஸைத் தொடாதீர்கள்.

லினக்ஸில்?

லினக்ஸ் கெர்னலிலேயே விஎம்டி டிரைவர் உண்டு. கேரளப் பள்ளிகள் பயன்படுத்தும் கைட் குனு/லினக்ஸ் 22.04-க்கு அடிப்படையான உபுண்டுவிலும் அப்படித்தான். ஆனாலும் சில கணினிகளில், ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லி உபுண்டு நிறுவி நின்றுவிடும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. உபுண்டுவை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கி, டிஸ்க் தெரிந்தால், படங்களையும் கல்லூரி புராஜெக்ட்டையும் முதலில் நகலெடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் இதற்கும் சாவி தேவை.

கடைக்குக் கொடுக்கிறீர்களா? 'பயாஸ்ல டிஸ்க் தெரியுதா?' என்று முதலில் கேளுங்கள். 'தெரியுது' என்றால், புது டிஸ்க் வாங்கும் முன் டிரைவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நகல் எடுக்கும்வரை ஃபார்மேட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.