தேய்ந்தும் அழியாத கோலம்

ஆலயத்தினுள் நுழையும் நம் கண்கள் பீடத்தையும் சுரூபங்களையும் நாடுகின்றனவேயன்றி, நம்மைத் தாங்கி நிற்கும் தரையை நாடுவதில்லை. அத்தரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை இங்கிலாந்து நாட்டின் ஷ்ராப்ஷயரில், செவர்ன் ஆற்றங்கரையிலுள்ள ஜாக்ஃபீல்டு ஓட்டு அருங்காட்சியகத்தில் நாம் கண்டறிந்தோம்.

1779-ல் எழுப்பப்பட்ட புகழ்மிக்க இரும்புப் பாலம் அமைந்துள்ள அதே பள்ளத்தாக்கில், 1870-களில் கிரேவன் டன்னில் நிறுவனத்தார் கட்டிய தொழிற்சாலையே இன்று அருங்காட்சியகமாய் விளங்குகிறது. கட்டடத்தை வகுத்தவர் சார்லஸ் லைனம். களிமண்ணும் நிலக்கரியும் அருகிலேயே கிடைத்தமையால் இத்தொழில் அங்கே செழித்தது.

13-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் துறவற மடங்களிலும் பேராலயங்களிலும் இருவண்ணக் கோல ஓடுகள் பதிக்கப்பட்டன. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தான். ஓடு செய்வித்தோர் மறையவே, கலையும் மங்கி மறைந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1830-ல் சாமுவேல் ரைட் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஹெர்பர்ட் மின்டன் பன்முறை முயன்று வெற்றி கண்டார். 1835-ல் கத்தோலிக்க மறையைத் தழுவிய கட்டடக் கலைஞர் பியூஜின், மின்டனுக்குக் கோலங்கள் வரைந்தளித்தார். 1846-ல் அபிஷேகம் செய்யப்பட்ட சீடில் நகர்ப் புனித ஜைல்ஸ் ஆலயத்தின் தரை இவ்விருவர் கூட்டுறவின் கனியாகும். ஜாக்ஃபீல்டு இந்த மறுமலர்ச்சியின் வழித்தோன்றலே.

செய்முறை எளிதன்று. கோலம் புடைத்து நிற்கும் அச்சில் ஈரக் களிமண்ணை அழுத்துவர்; மண்ணில் பள்ளம் விழும். அப்பள்ளத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை வார்த்து, நாட்கணக்கில் உலரவிடுவர். பின் மேற்பரப்பைச் சுரண்டக் கோலம் தெளிவுறும். அதன் பின்னரே சூளை. நிறம் மேற்பூச்சாக இல்லாது உள்ளே ஆழ்ந்திருப்பதால், தலைமுறைகள் மிதித்தும் கோலம் எளிதில் அழிவதில்லை.

காட்சிக்கூடத்தில் மதுக்கடை, சுரங்க ரயில் நிலையம், ஆலயம், குழந்தைகள் மருத்துவமனை முதலியவற்றை அழகு செய்த ஓடுகளைக் காண்கிறோம். ஆயின் அவ்வழகுக்கு ஒரு விலை இருந்தது. மண் தூள் தொழிலாளர் நுரையீரலை அரித்தது. மெருகுக் குழம்பிலிருந்த ஈயம் உடலை நஞ்சாக்கியது. ஓட்டின் முதுகில் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சை அழுத்திய கைகளின் பெயரோ எங்கும் இல்லை.

அன்புப் பங்கு மக்களே! ஜூபிலி மலர்களில் கொடையாளர் பெயர்கள் இடம்பெறுவது முறையே. ஆயின் மண் சுமந்தோரும், கல் பதித்தோரும், நாள்தோறும் தரை கூட்டுவோரும் நம் வரலாற்றில் ஆழப் பதிந்தவர்களே. அவர்களுள் நம்மோடு வாழும் முதியோரின் பெயர்களையும் நினைவுகளையும் இன்றே கேட்டு எழுதி வைப்போம். மறந்துபோனதை மீட்க இங்கிலாந்துக்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.