பணியிட விபத்து இழப்பீடு: வைட்ஃபீல்ட்

பணியிட விபத்து இழப்பீடு என்பது, வேலை நேரத்தில் வேலையின் காரணமாகக் காயமடைந்தவருக்கோ இறந்தவரின் குடும்பத்துக்கோ, முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்கச் சொல்லாமலேயே சட்டம் பெற்றுத்தரும் பணமும் சிகிச்சையும் ஆகும். 1882இல் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பாகத் தொடங்கிய வைட்ஃபீல்ட், இன்று பெங்களூருவின் கிழக்கில் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் முடிவில்லாத கட்டுமானமும் நெருங்கி நிற்கும் பகுதி. இந்தியாவின் இழப்பீட்டு வழிகள் அனைத்தையும் இங்கே ஒரே தெருவில் காணலாம். வளாகத்தின் செக்யூரிட்டி காவலரும் துப்புரவுப் பணியாளரும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இஎஸ்ஐ) அட்டை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பொறியாளர் அதன் ஊதிய வரம்பைத் தாண்டியவர். எதிர்மனையில் சென்ட்ரிங் அடிப்பவருக்கு மேஸ்திரியின் வாய்ச்சொல்லைத் தவிர ஆவணம் இருக்காது. இழப்பீடு கேட்கும் உரிமை இவர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பணம் கைக்கு வருவதைத் தீர்மானிப்பது உரிமை அல்ல, அதன் பின்னால் ஏற்கெனவே சேர்த்துவைத்த நிதி இருக்கிறதா என்பதுதான்.

முதல் வழி முதலாளியின் சொந்தப் பொறுப்பு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்து, 2010இல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. மரணத்துக்கு மாத ஊதியத்தின் 50 விழுக்காட்டையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்குவது அதன் கணக்கு. கணக்கில் கொள்ளும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020இல் 15,000 ரூபாய் ஆனது. 30 வயதுக்கான காரணி 207.98, ஆகவே அந்த வயதில் வரம்பளவு சம்பளம் வாங்கியவர் இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி. தகுந்த காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை அபராதம். ஒப்பந்ததாரரின் ஆள் காயமடைந்தால் வேலையை ஒப்படைத்த நிறுவனமே கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கலாம். தாளில் இதில் பெரிய குறை இல்லை. ஆனால் நிறுவனம், ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், மேஸ்திரி என்று நீளும் சங்கிலியில், விழுந்தவர் தங்களிடம்தான் வேலை செய்தார் என்பதையே ஒவ்வொருவரும் மறுக்க முடியும். காயத்தோடு படுத்திருப்பவர் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரி முன் வழக்காட வேண்டியதாகிறது.

இரண்டாம் வழி பொதுநிதி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டத்தைத் தொடங்கியது. 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகிறார்கள். ஊதிய வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். தற்காலிக ஊனம் நீடிக்கும்வரை ஊதியத்தில் சுமார் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு, இழந்த உழைப்புத்திறனின் அளவுக்கேற்ப ஆயுள் முழுவதும் தொகை வரும். முதலாளி சந்தா கட்டத் தவறினாலும் கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். கடனைத் துரத்தும் வேலை காயம்பட்டவரின் தலையிலிருந்து இறங்குகிறது.

பொதுநிதியே மேல் என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: இஎஸ்ஐ சில்லறை சில்லறையாகத் தருகிறது, இழப்பீட்டுச் சட்டமோ மொத்தமாகத் தருகிறது, இஎஸ்ஐ பலன் உள்ளவர் முதலாளிமேல் தனியாக நட்டஈட்டு வழக்கும் போட முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு கட்டைவிரலை வைத்துக் கணக்குப் போடலாம். அதன் இழப்பு 30 விழுக்காடு ஊனம். 15,000 ரூபாய் சம்பளத்தில் 30 வயதுக்காரருக்கு இழப்பீட்டுச் சட்டம் தருவது 5,61,546 ரூபாய். இஎஸ்ஐ மாதம் சுமார் 4,050 ரூபாய். மொத்தத் தொகையை 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 3,275 ரூபாய் வரும், முதலும் கரையாது. ஆக, மறுப்பு வெறும் வாதமல்ல. ஆனால் அந்தக் கணக்கு, பணம் முழுதாகவும் உரிய நேரத்திலும் வந்து, வேலையில்லாத மாதங்களின் கடனுக்குப் போகாமல் வங்கியில் அப்படியே கிடக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. பணம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் இஎஸ்ஐ பக்கம் தராசு சாய்கிறது.

நிதி கொடுத்துவிடும் என்றால் முதலாளிக்குப் பாதுகாப்பில் அக்கறை குறையாதா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவைப் பொறுத்தவரை இது நியாயமானது: கிரேன் ஓட்டும் நிறுவனமும் துணிக்கடையும் ஒரே விழுக்காடுதான் கட்டுகின்றன. குறை பொதுநிதி என்ற ஏற்பாட்டில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. 1884ஆம் ஆண்டின் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தில் வேரூன்றிய ஜெர்மானிய முறையில், முதலாளிகளின் தொழில்வாரிச் சங்கங்கள் ஆபத்தின் அளவுக்கேற்பச் சந்தாவை வேறுபடுத்துகின்றன.

பொதுநிதி எல்லோரையும் எட்டிவிடவும் இல்லை. கட்டுமானத் தளங்களுக்கு இஎஸ்ஐ 2015 ஆகஸ்டில் நீட்டிக்கப்பட்டாலும், தளம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் பதிவிலிருந்து எளிதில் நழுவுகிறார்கள். கட்டடச் செலவில் 1 விழுக்காடு செஸ் வசூலிக்கும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் விபத்து உதவிக்கோ, ஆண்டில் 90 நாள் வேலை செய்ததைக் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். உணவும் பொட்டலமும் கொண்டுசெல்லும் இருசக்கர ஓட்டிகளுக்காக, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 விழுக்காடு நலக்கட்டணம் பிடித்து நிதி சேர்க்கும் சட்டத்தைக் கர்நாடகம் 2025இல் இயற்றியது.

1923, 1948ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயணத்தில் வேலையோடு தொடர்புள்ள விபத்தையும் இழப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆயினும் இரண்டு வழிகளையும் தனித்தனி அத்தியாயங்களாகவே வைத்திருக்கிறது. பணிக்கொடைக்குக் கட்டாயக் காப்பீட்டுப் பிரிவு வைத்திருக்கும் அதே சட்டம், விபத்து இழப்பீட்டுக்கு அப்படியொன்றை வைக்கவில்லை. சிமென்ட் ஏற்றிவரும் லாரி காப்பீடு இல்லாமல் சாலையில் ஓடக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அந்தச் சிமென்ட் போய்ச் சேரும் கட்டடத்தில், சாரத்தின்மேல் நிற்பவருக்காகவும் அதே விதி வேண்டும்.