ஹிஜ்ரி 396இல் தோன்றிய நட்சத்திரமும் ஜவ்வாது மலைத் தொலைநோக்கியும்



ஓதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏற்காடு சென்றிருந்தோம். இஷாவுக்குப் பின் சேர்வராயன் மலை விளிம்பில் நின்றபோது, கீழே சேலம் மாநகரம் ஒளிவெள்ளமாய்க் கிடந்தது. அவ்வொளியில் தென்வானத்து மீன்கள் வெளிறியிருந்தன. பிள்ளையொருவன் கேட்டான்: "ஹஜ்ரத், வானத்தில் திடீரெனப் புதிய நட்சத்திரம் தோன்றினால் அது கியாமத்தின் அடையாளமா?"

இக்கேள்வி பழையது. ஹிஜ்ரி 396இல், அதாவது கி.பி. 1006இல், கெய்ரோ மக்களும் இதையே கேட்டிருப்பார்கள். அவ்வாண்டு தென்வானில் தோன்றிய ஒரு நட்சத்திரத்தை, ரொட்டி சுடுபவரின் மகனான அலீ இப்னு ரிள்வான் என்னும் இளைஞர் கண்டார். பிற்காலத்தில் எகிப்தின் புகழ்பெற்ற மருத்துவரான அவர், தாம் எழுதிய தாலமி நூல் விரிவுரையில் அக்காட்சியைக் குறித்து வைத்தார். அது வெள்ளிக் கோளைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாய்த் தெரிந்தது. அதன் ஒளி நிலவொளியின் கால் பங்கிற்குச் சற்று மேல். சூரியன் ரிஷபத்தின் 15ஆம் பாகையில் இருக்க, அது விருச்சிகத்தின் 15ஆம் பாகையில் நின்றது.

அவர் சோதிடரும்கூட. எனவே அதனைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தையும் போரையும் அந்நட்சத்திரத்தோடு முடிச்சுப் போட்டார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் நிகழ்ந்தபோது, எவருடைய இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் தெளிவுபடுத்தியதை நாம் பாடமாகவே நடத்துகிறோம். இப்னு ரிள்வானின் சோதிடம் இன்று எவருக்கும் பயன்படவில்லை. அவருடைய அளவுகளோ பயன்பட்டன. 1965இல் கோல்ட்ஸ்டைன் என்னும் ஆய்வாளர் அரபு மூலங்களைத் திரட்டி வெளியிட்டார். ஏறத்தாழ 7,000 ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த அம்மீனின் எச்சத்தை வானொலித் தொலைநோக்கியில் அடையாளம் கண்டதும் அதே ஆண்டில்தான்.

இப்னு ரிள்வானிடம் இல்லாத கருவி ஒன்று இன்று உண்டு: நிறமாலைமானி. வானில் புதிதாய் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தால் மட்டும் அது மீவெடிப்பு ஆகிவிடாது. சாதாரண நோவாவாகவோ, ஒளி மாறும் மீனாகவோ, வழியில் குறுக்கிட்ட சிறுகோளாகவோ இருக்கலாம். ஒளியை வானவில்லாய் விரித்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். வெடித்துச் சிதறும் பொருள் நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால், மீவெடிப்பின் கோடுகள் அகன்று காணப்படும். 1941இல் மின்கௌஸ்கி இவற்றை இரண்டாய்ப் பிரித்தார்: ஹைட்ரஜன் கோடு இல்லாதவை முதல் வகை, உள்ளவை இரண்டாம் வகை. முதல் வகையில் சிலிக்கான் கோடு ஆழமாய்த் தெரிந்தால், வெடித்தது ஒரு வெண்குறுமீன். 1006ஆம் ஆண்டின் மீன் இவ்வகையே என்பது ஆய்வாளர் முடிவு. வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற எல்லையைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதனை உருவாக்கிய வைணு பாப்புவின் தந்தை, ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். நவாப் ஜாபர் ஜங் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்துத் தொடங்கிய ஆய்வகம் அது. பாப்பு வானம் பார்க்கப் பழகியது அங்கேதான். ஹார்வர்டில் பயில அவருக்கு உதவித்தொகை அளித்ததும் ஹைதராபாத் அரசே. நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் நிஜாமியாவின் பெயர் தெரிந்திருக்கவில்லை. சொல்லிக் கொடுக்காத குற்றம் நம்முடையதே.

காவலூரில் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. நம் நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6இல் திறக்கப்பட்டது. பாப்பு அதனைக் காணவில்லை, 1982இலேயே காலமானார்.

மறு ஆண்டு பிப்ரவரியில், பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு மீவெடிப்பு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. காவலூரிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 8 பாகைக்குச் சற்றே அதிகமாய்த்தான் எழும். அத்தனை தாழ்விலும் அங்குள்ள வானியலாளர்கள் அதனை ஆராய்ந்து அவ்வாண்டே கட்டுரை வெளியிட்டார்கள். ஹைட்ரஜன் கோடுகள் தெளிவாய் இருந்தன: இரண்டாம் வகை. இன்று லடாக்கின் ஹான்லேயில், சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி இப்பணியைத் தொடர்கிறது.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும், கேள்வி கேட்ட பிள்ளை தெற்கே திரும்பி, "1987இல் இங்கிருந்தும் தெரிந்திருக்குமா ஹஜ்ரத்?" என்றான். தெரிந்திருக்கும், மாலை நேரத்தில், மிகத் தாழ்வாக. இப்போது அந்த உயரத்தில் விளக்கொளியின் மங்கல் மட்டுமே நின்றது.