சித்ரகூடத்துப் பாசியும் நான் சொன்ன தவறும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ரோச் பூங்கா பக்கம் பேத்தியோடு நடந்தபோது, அலை ஒதுக்கிய பாசியைக் கையில் எடுத்து, "தாத்தா, இது எப்போ பொறந்துச்சு?" என்றாள். சும்மா கேட்ட கேள்விதான். எனக்கு 1999-ஆம் வருஷத்து ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

நோன்புக் காலத்தில் காயல்பட்டினத்து நண்பர்கள் வீட்டிலிருந்து வருமே கடல்பாசி, அது சிவப்புப் பாசி இனத்தின் சாறு. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் இந்தக் கூட்டம்தான். எலும்பு, ஓடு எதுவும் இல்லாத இந்த மெல்லிய உடம்பு கல்லாவது அபூர்வம். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் சாமர்செட் தீவில் நிக்கோலஸ் பட்டர்ஃபீல்டு விவரித்த 'பாங்கியோமார்ஃபா' தான் வெகுகாலம் மிகப் பழைய சிவப்புப் பாசியாக இருந்தது. முதலில் 120 கோடி ஆண்டு என்றார்கள், பிறகு அளந்து சுமார் 105 கோடி ஆக்கினார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டேராடூனில் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரஃபத் அஸ்மி, 1998-இல் விந்தியப் பாறைகளில் நுண்ணிய தொல்லுயிர் எச்சங்களைக் கண்டதாக எழுதினார். அவை கேம்பிரியன் காலத்தவை, அதாவது சுமார் 54 கோடி ஆண்டு என்பது அவர் கணக்கு. அந்தப் பாறைகளோ அதைவிட மிகப் பழையவை என்று நிலவியலாளர்கள் நம்பியிருந்தார்கள். வேறு சிலர் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்றார்கள். பெரிய சர்ச்சை.

பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு வகுப்பில் ஆணித்தரமாகச் சொன்னேன்: "ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சா அது அறிவியல் இல்ல." கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், தேடுனவங்க சரியா தேடலைன்னா?" என்றாள். உட்காரச் சொன்னேன்.

முத்துக்குளித்த ஊர்க்காரன் இப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஒரு பாரில் முங்கியவன் வெறுங்கையோடு மேலே வந்தால் அங்கே சிப்பியே இல்லை என்றா சொல்வோம்? பக்கத்துத் தோணிக்காரன் கூடை நிறைய அள்ளியிருப்பான்.

2009-இல் சுவீடனின் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழுவினர் சித்ரகூடம் ஜானகிகுண்டம் பகுதியின் பாறைகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். எச்சங்கள் உண்மை. வயது மட்டும் 100 கோடிக்கும் மேலே எகிறிவிட்டது: பாறையையே ஈய ஐசோடோப்பு முறையில் அளந்தபோது ஏறக்குறைய 165 கோடி. முட்டைக்கருபோல் தெரிந்த சில உருண்டைகள் பாசிப்படலத்தில் சிக்கிய வாயுக்குமிழிகள் என்றும் தெரிந்தது. ஆக, பொருளைக் கண்டதில் அஸ்மி சரி, காலத்தில் தவறு. சந்தேகப்பட்டவர்கள் காலத்தில் சரி, பொருளில் தவறு. நான் இரண்டையும் விசாரிக்காமல் தீர்ப்பு மட்டும் சொன்னவன்.

2017 மார்ச்சில் அதே பாறைகளிலிருந்து சிவப்புப் பாசி போன்ற எச்சங்களைப் பெங்ட்சன் குழு அறிவித்தது. ஆழமில்லாத பழங்கடலில் நுண்ணுயிர்ப் படலங்களுக்கு நடுவே வாழ்ந்தவை. பாஸ்பேட் ஊறி இறுகியதால் செல்லுக்குச் செல் அப்படியே நிற்கின்றன. கல்லை உடைக்காமல் சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் கொண்டு உள்ளே பார்த்தார்கள். ஒன்று இழைபோல, அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு தட்டு, பச்சையத்தோடு தொடர்புடைய உறுப்பாக இருக்கலாம். இன்னொன்று சதைப்பற்றாகக் கிளைத்தது. செல்கள் நீரூற்றுபோல் விரிந்து வளர்ந்த விதம் இன்றைய சிவப்புப் பாசியை நினைவூட்டுகிறது. வயது 160 கோடி! டி.என்.ஏ. மிஞ்சாததால் நூற்றுக்கு நூறு உறுதி இல்லை என்று பெங்ட்சனே சொன்னார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

சதைப்பற்றானதற்கு, ராமன் வனவாசம் இருந்த ஊர் என்பதால், 'ராமதாலஸ்' என்று பெயர். இழைக்கு வைத்த பெயர் 'ரஃபத்அஸ்மியா சித்ரகூடென்சிஸ்'. கிடைக்கவே இல்லை என்று ஒதுக்கப்பட்ட மனிதரின் பெயரேதான்.

1999-இல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். உட்காரச் சொன்னது என் தவறு என்று நேரில் சொல்ல வேண்டும்.