தொழிலாளர் நீதிமன்றத்தில் தனிவாதம்: பணிநீக்க வழக்குகள் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தொழில் தகராறுகள் சட்டம், 1947 பிரிவு 36(4)இன்படி, எதிர்த்தரப்பின் இசைவும் மன்றத்தின் அனுமதியும் இல்லாமல் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வாதாட முடியாதிருந்தது. எனவே, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தானே எழுந்து பேசுவது அங்கே விதிவிலக்கன்று. ஆனால் அவருடைய வழக்கு, அவர் வாய் திறக்கும் முன்பே கோரிக்கை மனுவில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. 2025 நவம்பர் 21 அன்று அச்சட்டத்துக்குப் பதிலாகத் தொழிலுறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சட்டத்தில் உருவான வழக்குமுறையே இங்கு ஆயப்படுகிறது.

2. நுழைவு

தனிமனிதரின் பணிநீக்கமும் தொழில் தகராறே என்று 1965இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு ஏற்றது. அதுவரை சங்கமோ சக தொழிலாளர்களோ கைகொடுத்தால்தான் வழக்கு. 2010 திருத்தத்தின்படி, சமரச அலுவலரிடம் மனுக்கொடுத்து 45 நாள் கழிந்தால், நீக்கப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் நேரே நீதிமன்றம் செல்ல முடிந்தது.

3. எதிரே அமர்பவர்

முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி என்ற தகுதியில் வருபவர் வழக்கறிஞராகவும் இருந்தால்? தடை இல்லை என்றது உச்ச நீதிமன்றம் (பாரதீப் துறைமுக வழக்கு, 1976). தொழிற்சங்க நிர்வாகிக்கும் அதே உரிமை உண்டுதான். சங்கமே இல்லாத கம்பெனியில் அதனால் யாருக்குப் பயன்?

4. மெய்ப்பிக்கும் பொறுப்பு

4.1 ஆட்குறைப்புக்கான பாதுகாப்பைக் கோருபவர் அதற்கு முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். "செய்தேன்" என்ற பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்றது உச்ச நீதிமன்றத்தின் ஹதிமணி தீர்ப்பு (2002). வருகைப் பதிவேடோ நிர்வாகத்தின் பீரோவில் இருக்கிறது! எல்லட்டி வழக்கில் (2005) தொழிலாளி பதிவேடுகளைக் கேட்டிருந்தார். நிர்வாகம் முழுமையாகக் கொடுக்கவில்லை. அவர் கையில் ஒரு சான்றிதழும் இருந்தது. வென்றார். ஆகவே தனியாக வாதாடுபவர் முதலில் எழுத வேண்டியது ஆவணங்களை வரவழைக்கும் மனு. அதற்குச் சட்டப் புலமை வேண்டாம். எந்த மாதத்துப் பதிவேடு, எந்தச் சம்பளப் பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்தால் போதும்.

4.2 ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கு உள்விசாரணைக் கோப்பே களம். விசாரணை முறையற்றது என்று அவர் வாதிட்டால், மன்றம் அதை முதற்கண் முடிவு செய்யும். விசாரணை செல்லுபடியானாலும், தண்டனை மிகையென்றால் 11ஏ பிரிவின்கீழ் குறைக்க இடமிருந்தது. இந்த இரண்டாவது வேண்டுதலைக் கோபத்தில் எழுதாமல் விடுபவர்கள் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சம். மாற்று வேண்டுதல் ஒப்புதலாகாது.

4.3 பின்சம்பளத்துக்கு ஒரு வாக்கியம் இன்றியமையாதது: "நீக்கப்பட்ட பின் எனக்கு வேறு ஊதியமுள்ள வேலை இல்லை." அதை மனுவிலோ சாட்சியத்திலோ சொல்லிவிட்டால், மறுத்து நிரூபிக்கும் சுமை நிர்வாகத்துக்குப் போகும் (தீபாலி தீர்ப்பு, 2013).

5. தீர்ப்புக்குப் பின்

மீண்டும் பணியமர்த்தும் தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனால், வேறு வேலை இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் கொடுத்து, வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் பெற 17பி பிரிவு வழிசெய்தது. வழக்கறிஞர்களுக்கான தடையோ அந்த மன்றத்தில் இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளி வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். தனிவாதத்தை அங்கேயும் தொடர்வதற்குக் காரணமில்லை.