இருபது நிமிஷமும் தொண்ணூறு நாளும்

நாவல் எழுதுகிறவன் கோர்ட் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. நாம் தலையை உடைத்துக்கொண்டு கற்பனை செய்கிற மணி, நிமிஷம், வாசனை எல்லாம் அங்கே கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கும். வக்கீல் நண்பர் ஒருவர் வீட்டில் அவருக்காகக் காத்திருந்த ஒரு மாலையில் அப்படி ஒரு தீர்ப்பு என் கையில் அகப்பட்டது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1979-ஆம் வருஷம் ஜூன் 25-ஆம் தேதி சொன்னது. ஒரு மனிதருடைய மோட்டார் லைசென்ஸைத் தொண்ணூறு நாளைக்கு முடக்கி வைத்தது செல்லுமா, செல்லாதா என்பதுதான் வழக்கு. தொண்ணூறு நாள் விவகாரத்துக்கு ஒன்பது நீதிபதிகள்! அதிலும் ஐந்து பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். நண்பர் வந்து கூப்பிட்டதுகூட என் காதில் விழவில்லை.

நடந்தது இதுதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்டன் என்று ஓர் ஊர். 1976 மே 15, இரவு 8.15-க்கு அங்கே ஒரு கார் விபத்து. போலீஸ்காரர் வந்து பார்த்தபோது, ஓட்டியவரின் கண்கள் ஒளியிழந்து வெறித்தன, கால் தரையில் நிலைக்கவில்லை, பேச்சுக் குழறிற்று, பக்கத்தில் போனால் மது நெடி. 8.30-க்குக் கைது. 8.45-க்கு ஸ்டேஷனில், 'இந்தக் கருவியில் ஊதுங்கள்' என்றார்கள். 'மாட்டேன்' என்றார் அவர். பிறகு தம் வக்கீலோடு பேசினார். பேசியதும் மனசு மாறிற்று. மறுத்து இருபது நிமிஷமான பிறகு, 'சரி, ஊதுகிறேன்' என்றார். 'இனிமேல் முடியாது' என்று போலீஸார் கையை விரித்துவிட்டார்கள்.

அவருடைய பெயர் தீர்ப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. நமக்கு அது வேண்டாம். குடித்துவிட்டு அகப்பட்ட ஒரு ராத்திரியை வைத்து ஒரு மனிதரை எத்தனை வருஷம் பெயர் சொல்லி அழைப்பது?

ஜூன் 2-ஆம் தேதி கீழ்க்கோர்ட்டில், குடித்து ஓட்டினார் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். ஊதுகிறேன் என்றவரைப் போலீஸார் ஊதவிடாததுதான் காரணமாகத் தெரிகிறது. அவருடைய வக்கீல் அந்த உத்தரவின் நகலை வைத்து மோட்டார் வாகனப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 7-ஆம் தேதி பதிவாளர் லைசென்ஸைத் தொண்ணூறு நாளைக்கு முடக்கினார். அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. 'ஊத மறுத்தார்' என்று போலீஸ் அறிக்கை வந்தால் முடக்கியே தீர வேண்டும் என்பது சட்டம். யோசிப்பதற்கு அவருக்கு அதிகாரமே இல்லை. ஆக, கோர்ட்டில் வழக்கே போய்விட்டது. வண்டி ஓட்டும் உரிமையும் போய்விட்டது!

இந்த விசித்திரம் எப்படி வந்தது என்று தேடிப் போனால் லண்டனில் கொண்டுபோய் விடுகிறது. 1897 செப்டம்பர் 10-ஆம் தேதி ஜார்ஜ் ஸ்மித் என்ற வாடகை வண்டிக்காரர், மின்சாரத்தால் ஓடும் புதுமாதிரி வண்டியை பாண்ட் தெருவில் ஒரு கட்டடத்தின் மேல் கொண்டுபோய் மோதினார். குடித்து மோட்டார் ஓட்டியதற்காகத் தண்டனை அடைந்த முதல் மனிதர் அவர் என்று சரித்திரம் சொல்கிறது. (எத்தனையோ பேர் எதிலெதிலோ முதல்வராக ஆசைப்படுகிறார்கள், இவருக்கு இது வாய்த்தது.) அன்றைக்கு இருந்தது 1872-ஆம் வருஷத்துச் சட்டம். குடிபோதையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி யந்திரம் இவற்றை ரஸ்தாவில் நடத்திச் செல்வதை அது தடுத்தது. ஸ்மித் அபராதம் கட்டினார். லைசென்ஸைப் பறிக்கும் பேச்சே எழவில்லை. மோட்டார் ஓட்ட லைசென்ஸ் என்பதே 1903-இல்தான் இங்கிலாந்தில் பிறந்தது. ஐந்து ஷில்லிங் கொடுத்தால் பரீட்சை கிரீட்சை ஒன்றும் இல்லாமல் கிடைத்த காகிதம் அது.

அந்தக் காகிதத்தின் விலை பிறகு ஏறிக்கொண்டே போயிற்று. 1930-ஆம் வருஷத்துச் சட்டம், குடித்து ஓட்டியவருக்குப் பன்னிரண்டு மாதம் லைசென்ஸ் கிடையாது, 'விசேஷக் காரணங்கள்' இருந்தால் ஒழிய என்றது. உடனே எல்லோருக்கும் விசேஷக் காரணம் கிடைத்துவிட்டது. ஒருவருக்கு லாரி ஓட்டிப் பிழைப்பு, இன்னொருவருக்குப் பெரிய குடும்பம். பிரதம நீதிபதி காடார்ட் பிரபு 1946-இல் ஒரு வழக்கில் அந்தக் கதவைச் சாத்தினார். விசேஷம் என்பது குற்றத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டுமே தவிர, குற்றவாளியைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்றார். பிழைப்புப் போகிறது என்பது யாருக்கும் உள்ளதுதான். அதில் என்ன விசேஷம்? தர்க்கம் சரிதான். ஆனால் லாரிக்காரன் வீட்டு அடுப்புக்குத் தர்க்கம் தெரியாது.

இங்கிலாந்தில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், முதலில் குற்றம் ருசுவாக வேண்டும். பிறகுதான் லைசென்ஸ் போகும். அமெரிக்கா இந்த வரிசையைத்தான் மாற்றிப் போட்டது. அதற்குக் காரணம் ஒரு பலூன். இந்தியானா சர்வகலாசாலையில் ரோலா ஹார்கர் என்ற ரசாயனப் பேராசிரியர் 1930-களில் ஒரு கருவி செய்து, 'டிரங்கோமீட்டர்' என்று பெயர் வைத்தார். பலூனில் ஊதிய மூச்சை பெர்மாங்கனேட் திரவத்துக்குள் செலுத்தினால், மது இருக்கும் அளவுக்கு அதன் ஊதா நிறம் வெளுக்கும். 1954-இல் அதே மாநிலத்துப் போலீஸில் பணியாற்றிய ராபர்ட் போர்கன்ஸ்டைன், தூக்கிச் செல்லத் தக்க 'பிரெத்தலைசர்' கருவியை உண்டாக்கினார். இவர் முன்பு போட்டோத் தொழிலில் இருந்தவர். நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாமல், ஒளியை அளக்கும் கருவி சொல்லும்படி செய்தார்.

கருவி வந்துவிட்டது, ஊதுகிறவன் வேண்டுமே! தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சாசனம். வாயைப் பிடித்து ஊதவைக்க முடியுமா? நியூயார்க் மாநிலம் 1953-இல் ஒரு தந்திரம் செய்தது. எங்கள் ரஸ்தாவில் சக்கரத்தை உருட்டுகிறவன், கேட்டால் பரிசோதனைக்கு உட்படுவதாக முன்னமே சம்மதித்தவன் ஆகிறான். மறுக்கலாம், மறுத்தால் சிறை இல்லை, லைசென்ஸை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். மற்ற மாநிலங்களும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. குடித்தாரா என்ற கேள்வி கோர்ட்டுக்குப் போயிற்று. ஊதினாரா என்ற கேள்வி மோட்டார் ஆபீஸுக்குப் போயிற்று. ஒரே இரவுக்கு இரண்டு வழக்குகள். ஒன்றில் ஜெயித்து மற்றதில் தோற்க வழி பிறந்துவிட்டது.

எதிர்ப்பக்கமும் ஒரு பலம் சேர்ந்திருந்தது. ஜார்ஜியாவில் மூன்று கிராமங்களுக்குக் காரில் போய் ஊழியம் செய்த பாதிரியார் ஒருவர். 1968-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் வந்து அவர் காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். பாதிரியாரிடம் இன்ஷூரன்ஸ் இல்லை. 5,000 டாலர் நஷ்டஈடு கேட்டார்கள். ஜாமீன் கட்டு, இல்லையேல் லைசென்ஸைக் கொடு என்றது சர்க்கார். 'என் மேல் தப்பில்லை என்று காட்டுகிறேன்' என்றார். 'தப்பு யாருடையது என்பது இங்கே கேள்வியல்ல' என்று பதில் வந்தது. 1971-இல் சுப்ரீம் கோர்ட், லைசென்ஸ் ஒரு மனிதனின் ஜீவனத்தோடு சேர்ந்தது, சர்க்கார் போட்ட பிச்சையல்ல. விசாரிக்காமல் பறிக்கலாகாது என்று தீர்ப்புச் செய்தது.

ஆக்டன் மனிதரின் வக்கீல் பிடித்துக்கொண்டது இந்தத் தீர்ப்பைத்தான். கீழே மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அவர் பக்கம் சொன்னது. மேலே பிரதம நீதிபதி பர்கர் அதை மாற்றினார். லைசென்ஸுக்கு மதிப்பு உண்டு, விசாரணையும் உண்டு. ஆனால் முன்னால் அல்ல, பின்னால் என்றார். போலீஸ்காரர் நேரில் கண்டதைப் பிரமாணத்தின் பேரில் எழுதுகிறார். தப்பு நேர்வது அபூர்வம். லைசென்ஸை ஒப்படைத்த அன்றே பதிவாளர் ஆபீஸுக்கு நடந்து போய் விசாரணை கேட்கலாம். முன்னாலேயே விசாரணை என்று வைத்தால், எல்லோரும் ஊத மறுத்து நாளைக் கடத்துவார்கள். அதுவரை குடிகாரன் ரஸ்தாவில் இருப்பான். எதிர்த்த நால்வருக்காக எழுதிய ஸ்டூவர்ட், 1971-இல் சொன்ன நியாயம் இங்கே எங்கே போயிற்று என்று கேட்டார். போலீஸ்காரர் ஒன்று சொல்லி, ஓட்டியவர் வேறொன்று சொன்னால், யாரையும் கேட்காமல் ஒருவரை நம்புவது எப்படி நியாயம்?

நான் இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். பர்கர் எழுதியதைப் படிக்கும்போது, எதிரே வரும் வண்டியில் என் வீட்டுக் குழந்தைகள் இருப்பதாகத் தோன்றியது. ஸ்டூவர்ட்டைப் படிக்கும்போது, ஸ்டேஷன் பெஞ்சியில் நானே உட்கார்ந்திருந்தேன். நீதிபதியாக இருந்தால் எந்தப் பக்கம் சேர்ந்திருப்பேன்? ஸ்டூவர்ட் பக்கம்தான் என்று நினைக்கிறேன். அந்த இருபது நிமிஷந்தான் என்னை உறுத்துகிறது. வக்கீலைக் கேட்டுவிட்டுச் சரி என்ற மனிதரை, 'மறுத்தவர்' என்று ஒரே சொல்லில் எப்படி அடக்குவது? ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 1967-இல் பார்பரா காஸில் அம்மையார், தமக்குக் கார் ஓட்டவே தெரியாது என்ற கேலியையும் வசவுக் கடிதங்களையும் பொறுத்துக்கொண்டு மூச்சுப் பரிசோதனையைச் சட்டமாக்கினார். அடுத்த வருஷமே ரஸ்தாவில் சாவு ஆயிரத்துக்கு மேல் குறைந்தது. அவர்களுக்கெல்லாம் பெயர் கிடையாது. பிழைத்தவர்கள் தாம் பிழைத்ததை அறியமாட்டார்கள்.

நம் ஊரில் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அதிகாரி லைசென்ஸை ரத்துச் செய்யுமுன் அவனைக் கேட்க வேண்டும் என்கிறது. ஸ்டூவர்ட் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அமெரிக்காவில் பர்கர் காட்டிய வழிதான் வளர்ந்தது. மினஸோட்டா 1976-லேயே, ஊதி அளவு தாண்டினாலும் கோர்ட்டுக்குக் காத்திராமல் லைசென்ஸைப் பிடுங்கலாம் என்று சட்டம் செய்திருந்தது. கலிபோர்னியா 1990 ஜூலையில் அதில் சேர்ந்தது. அங்கே கைது செய்கிற போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு தாளைக் கொடுக்கிறார். அதை வைத்துக்கொண்டு முப்பது நாள் வண்டி ஓட்டலாம். விசாரணை வேண்டுமானால் பத்து நாளைக்குள் மோட்டார் இலாகாவுக்குச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் வேண்டாம் என்றதாக அர்த்தம். அங்குள்ள வக்கீல்கள், கைதாகி வந்தவரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், என்றைக்குக் கைதானீர்கள் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்கிறார்களாம். குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட் மாதக் கணக்கில் நிதானமாகப் பார்க்கும். அந்தப் பத்து நாளில் சனியும் ஞாயிறும் சேர்த்திதான்.