சூடோ பிறந்த கதை

லினக்ஸ் கணினியில் ‘ரூட்’ கணக்குக்குக் கட்டுப்பாடே கிடையாது. அதில் நுழைந்தவர் எந்தக் கோப்பையும் அழிக்கலாம், யாருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம். மற்ற பயனர்களுக்கு அவரவர் எல்லை உண்டு. அந்த எல்லையை ஒருவர் திருட்டுத்தனமாகத் தாண்டி ரூட் ஆகிவிட இடம் தரும் பிழைக்கு ‘அதிகார உயர்வு ஓட்டை’ என்று பெயர். அப்படிப் பேர்போன ஓட்டை ஒன்று, எல்லையைக் காக்கப் பிறந்த ஒரு சிறு நிரலுக்குள்ளேயே இருந்தது. அந்த நிரல்தான் சூடோ.

அதன் வேர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே உருவான, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் கடவுச்சொல் கோப்பில் எழுத ரூட்டுக்கு மட்டுமே உரிமை. அப்படியானால் சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை எப்படி மாற்றுவார்? அந்த ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி ஒரே ஒரு பிட்டில் விடை கண்டார். ‘செட்யுஐடி’ என்னும் அந்த பிட் ஒரு நிரலுக்கு இடப்பட்டிருந்தால், யார் இயக்கினாலும் நிரல் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். 1973இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 1979இல் கிடைத்தது.

1980 வாக்கில், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் இந்த பிட்டை நம்பி சூடோவை எழுதினார்கள். நிர்வாக வேலை செய்யும் எல்லோருக்கும் ரூட் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால், யார் எதைச் செய்தார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. சூடோ வந்த பிறகு, இன்னார் இந்தக் கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்கலாம் என்று பட்டியல் போட முடிந்தது. 1990களின் நடுவிலிருந்து டாட் மில்லர் அதைப் பராமரித்து வருகிறார்.

அதிகாரத்தை அளந்து கொடுக்க வந்த சூடோ, தான் மட்டும் முழு அதிகாரத்தோடு ஓடியாக வேண்டும். ஆபத்தும் அங்கேதான். 2011 ஜூலையில் சேர்ந்த ஒரு மாற்றத்தில் பிழை நுழைந்தது. கட்டளையோடு ஒரு குறிப்பிட்ட முறையில் தரும் சொல்லின் கடைசி எழுத்து பின்சாய்கோடாக இருந்தால், சூடோ அந்தச் சொல்லின் முடிவைத் தாண்டியும் படித்துக்கொண்டே போய், ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே எழுதியது. பட்டியலில் பெயரே இல்லாத பயனரும் இதை வைத்து ரூட் ஆகலாம். மூல நிரல் யாரும் படிக்கக்கூடியதாகத் திறந்தே கிடந்தும், பிழை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கண்ணில் படவில்லை. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2021 ஜனவரி 26 அன்று அறிவித்தார்கள். லினக்ஸ் வகைகளான உபுண்டு 20.04, டெபியன் 10, ஃபெடோரா 33 மூன்றிலும் ரூட் ஆகிக் காட்டினார்கள். திருத்திய பதிப்பு 1.9.5பி2 அன்றே வந்தது.

இந்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ஆகவே இது நமக்கு எட்டாத ஊர்க் கதை இல்லை. மண்ணூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தைப் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு இது இன்னும் நெருக்கம். அங்கே ஒரு உற்பத்தி லைன் நின்றால் அந்த ஷிப்டின் கணக்கே குலைந்துவிடும். அதனால் லைனோடு இணைந்த லினக்ஸ் கணினியில் கை வைக்க யாரும் துணிவதில்லை. ஆனால் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்கும்போது பிழையைத் திருத்தும் பேட்சையும் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், ஓட்டை ஊரறிந்த பிறகும் அத்தனை மாதம் திறந்து கிடக்கும்.

இந்த வகை ஓட்டையைப் பயன்படுத்த முதலில் உள்ளே ஒரு கால் வைக்க இடம் வேண்டும். ஒரு ஆபரேட்டர் கணக்கு, வேலையை விட்டுப் போனவரின் அழிக்காத கணக்கு, ஒப்பந்த ஆட்கள் பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே கடவுச்சொல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். எனவே தேவையற்ற கணக்குகளை உடனே மூட வேண்டும். செட்யுஐடி பிட் உள்ள நிரல்களைப் பட்டியலெடுத்து, வேண்டாதவற்றிலிருந்து அதை நீக்க வேண்டும். உதிரிக் கணினி ஒன்றில் பேட்சைச் சோதித்துவிட்டு, அடுத்த வாராந்தர நிறுத்தத்திலேயே லைனில் போட வேண்டும்.

பஃபலோவில் அந்த இருவர் விரும்பியது, ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அதிகாரம் மட்டும் போதும் என்பதைத்தான். பத்தாண்டுப் பிழையும் அந்தக் கொள்கையைப் பொய்யாக்கவில்லை. அதைக் காக்கும் கருவியையும் ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கடமையைத்தான் கூட்டியிருக்கிறது. அந்தக் கடமை நிரல் எழுதுபவரோடு முடிந்துவிடாது. அதை நம்பி ஆலை நடத்துபவருக்கும் அதில் சரிபாதி உண்டு.